1994-ல் நடந்த இறப்பு ஆன்லைனில் இல்லை: பதியவே இல்லை என்று அர்த்தமா?

காவிரிக்கரை | 04.02.2025, காலை 9.12

தாத்தாவின் இறப்புச் சான்று வேண்டும். மயிலாடுதுறை பக்கம் கிராமம். 1994-ல் வீட்டிலேயே இறந்தார். நிலம் இன்னும் அவர் பெயரில்தான் இருக்கிறது. வாரிசு சான்று, பட்டா மாறுதல் இரண்டுக்கும் முதல் தாளாக இதைத்தான் கேட்கிறார்கள். அரசின் பிறப்பு இறப்புத் தளத்தில் தேடினால் ஒன்றும் வரவில்லை. வி.ஏ.ஓ. "அந்த வருஷப் புத்தகம் என்னிடம் இல்லை" என்கிறார். அப்படியென்றால் அன்றைக்கு யாரும் பதியவே இல்லை என்றுதானே பொருள்? இ-சேவை மையத்தில் "ஆர்.டி.ஓ. (வருவாய் கோட்டாட்சியர்) ஆர்டர் வாங்கிப் புதிதாகப் பதிந்துவிடலாம்" என்கிறார்கள். அதுதான் வழியா?

பழைய_பதிவேடு | 04.02.2025, காலை 10.40

இல்லை. அவசரப்பட்டு ஆர்.டி.ஓ.விடம் போகாதீர்கள்.

தமிழ்நாடு முழுவதற்கும் ஒரே மென்பொருளில் பதிகிற முறை 2018-ஐ ஒட்டித்தான் வந்தது. அதற்குப் பிறகு பதிந்ததைத் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதற்கு முந்தியதை அந்தந்த மாநகராட்சியும் நகராட்சியும் கணினியில் ஏற்றிய அளவுக்குத்தான் பார்க்க முடியும். 1990-களின் கிராமப் பதிவேடு கைப்பட எழுதிய புத்தகம். அது திரையில் வராததை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வி.ஏ.ஓ. சொன்னதும் உண்மைதான். கிராமத்துக்கு அவர்தான் பிறப்பு இறப்புப் பதிவாளர். ஆனால் புத்தகம் அவரிடமே தங்காது. வருஷம் முடிந்து குறிப்பிட்ட காலம் ஆனதும் வட்டாட்சியர் அலுவலகம் போய், அங்கிருந்து பாதுகாப்புக்காகச் சார்பதிவாளர் அலுவலகம் போகும். பத்திரம் பதிகிற அதே சார்பதிவாளர் அலுவலகம்தான். முப்பது வருஷப் பழைய கிராம இறப்பை முதலில் தேட வேண்டிய இடம் அது.

பத்திரம்_எழுதுபவர் | 04.02.2025, மதியம் 1.05

மேலே சொன்னதோடு சேர்த்து நான்கு விஷயம்.

புத்தகம் வருவாய்க் கிராமத்தின் பெயரில் இருக்கும். நாம் ஊர் என்று சொல்வது பல நேரம் குக்கிராமம், தெரு, பண்ணை. தாத்தாவின் பழைய கிஸ்தி ரசீதையோ சிட்டாவையோ எடுத்து வருவாய்க் கிராமத்தின் பெயரையும் எண்ணையும் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தில் குக்கிராமத்தின் பெயரை மட்டும் எழுதினால் வேறு கிராமத்துப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு "இல்லை" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள்.

எந்தச் சார்பதிவகம் என்பதைப் பதிவுத்துறைத் தளத்தில் கிராமத்தின் பெயரைப் போட்டுப் பார்க்கலாம். ஆனால் அது இன்றைய எல்லையைத்தான் காட்டும். இடையில் புதிய சார்பதிவகம் திறந்து கிராமத்தை அதற்கு மாற்றியிருந்தால் பழைய புத்தகம் தாய் அலுவலகத்திலேயே இருந்துவிடும். வில்லங்கம் போட்டால் 1994-ல் உங்கள் ஊர்ப் பத்திரம் எந்த அலுவலகத்தில் பதிவானது என்று தெரியும். இறப்புப் புத்தகத்தையும் அங்கேதான் கேட்க வேண்டும்.

மாவட்டத்தின் பெயரில் குழம்ப வேண்டாம். மயிலாடுதுறை 1991 வரை தஞ்சாவூர் மாவட்டம், அதன் பிறகு நாகப்பட்டினம், 2020-லிருந்து தனி மாவட்டம். 1994 பதிவேட்டின் முகப்பில் நாகப்பட்டினம் என்று இருந்தால் அது சரிதான்.

விண்ணப்பத்தைப் பதிவுத்துறைத் தளத்திலேயே போடலாம், நேரிலும் கொடுக்கலாம். பழைய புத்தகத்துக்கு நேரில் போவதே நல்லது. புரட்டுகிறவரிடம் இரண்டு மூன்று விதமான பெயர் எழுத்தைச் சொல்ல முடியும்.

தென்கரை | 04.02.2025, இரவு 8.30

எதற்கு இவ்வளவு அலைச்சல்? ஒரு வருஷத்துக்கு மேல் ஆனால் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனு போட்டால் ஆர்டர் கிடைக்கும். அதை வைத்துப் பதிந்துவிடலாம்.

பழைய_பதிவேடு | 04.02.2025, இரவு 9.15

@தென்கரை, அது பழைய நிலைமை. 1969-ஆம் வருஷப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 13(3) பிரிவில் முன்பு முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் என்று இருந்தது உண்மை. இப்போது அந்த அதிகாரம் வருவாய்த் துறையிடம் இருக்கிறது. 01.10.2023 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டமும் மாவட்ட நடுவர், உட்கோட்ட நடுவர், மாவட்ட நடுவர் அதிகாரம் அளித்த நிர்வாக நடுவர் என்றுதான் சொல்கிறது. தமிழ்நாட்டில் நடைமுறையில் வருவாய் கோட்டாட்சியர், அதாவது ஆர்.டி.ஓ.

காலக்கெடுவை ஒரு தடவை முழுதாக எழுதிவிடுகிறேன், இழையில் பிறகு வருகிறவர்களுக்கும் ஆகும். 21 நாளுக்குள் சொன்னால் கட்டணம் இல்லை. 21 தாண்டி 30 நாளுக்குள் பதிவாளரே தாமதக் கட்டணம் வாங்கிப் பதிவார். 30 நாள் தாண்டி ஒரு வருஷத்துக்குள் என்றால் மேலதிகாரியின் எழுத்து மூல அனுமதி வேண்டும். முன்பு இதற்கு நோட்டரி முன் எழுதிய பிரமாணப் பத்திரம் கேட்டார்கள். 2023 திருத்தத்தில் சுயசான்றொப்பமிட்ட ஆவணமே போதும் என்று ஆகிவிட்டது. ஒரு வருஷம் தாண்டினால் ஆர்.டி.ஓ. உத்தரவு. தமிழ்நாட்டில் 2017-ல் உயர்த்திய தாமதக் கட்டணம் இந்த மூன்று படிக்கும் முறையே 100, 200, 500 ரூபாய். தேடுதல் கட்டணம் ஒரு வருஷத்துக்கு 100, சான்று ஒன்றுக்கு 200. சொற்பத் தொகைதான். இடைத்தரகர் ஆயிரக்கணக்கில் சொன்னால் அது அரசுக் கட்டணம் இல்லை.

மீண்டும் சொல்கிறேன், ஆர்.டி.ஓ. வழி பதியாத இறப்புக்குத்தான். ஏற்கெனவே பதிந்த இறப்பை இரண்டாம் தடவை பதிந்தால் ஒரே ஆளுக்கு இரண்டு பதிவு எண், பெரும்பாலும் இரண்டு தேதி. நிலத் தகராறு வந்தால் எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் தூக்கிக் காட்டுவது இதைத்தான். பிறகு 15-ஆம் பிரிவில் ஒன்றை ரத்து செய்ய நடக்க வேண்டும்.

காவிரிக்கரை | 07.02.2025, மாலை 5.48

சார்பதிவகத்தில் விண்ணப்பித்தேன். 1994 புத்தகம் அங்கேதான் இருக்கிறது. புரட்டிப் பார்த்து "பெயர் இல்லை" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். வீட்டில் கேட்டால் பாட்டி "பவ வருஷம், தை மாசம், தேய்பிறை துவாதசி" என்கிறார். திவசமும் அந்தத் திதியில்தான் நடக்கிறது. 1994 என்பது அப்பா சொன்னது.

பஞ்சாங்கம் | 07.02.2025, மாலை 6.20

அப்பா சொன்னதில்தான் சிக்கல். பவ வருஷம் 1994 ஏப்ரலில் தொடங்கி 1995 ஏப்ரலில் முடிகிறது. அதில் வரும் தை மாதம் 1995 ஜனவரி பாதியிலிருந்து பிப்ரவரி பாதி வரை. அந்தத் தையில் அமாவாசை ஜனவரி கடைசியில் வந்தது. தேய்பிறை துவாதசி அதற்கு மூன்று நாள் முன்பு. ஆக இறந்த தேதி 1995 ஜனவரி கடைசி வாரம்.

சித்திரை முதல் மார்கழி நடுவரை இந்தக் குழப்பம் இல்லை. மார்கழிப் பின்பாதி, தை, மாசி, பங்குனி இறப்புகளுக்குத் தமிழ் வருஷத்தை ஆங்கில வருஷமாக மாற்றும்போது ஒன்று கூட்ட வேண்டும். இதை மறந்து பக்கத்து வருஷப் புத்தகத்தில் தேடி "இல்லை" என்று வாங்கிப் போகிறவர்கள் நிறைய.

திதி மட்டும் தெரிந்து வருஷம் தெரியாவிட்டால் கருமாதிப் பத்திரிகை கிடைக்கிறதா பாருங்கள். பல வீடுகளில் பீரோவிலோ பழைய கல்யாணப் பத்திரிகைக் கட்டிலோ இருக்கும். அதில் தமிழ்த் தேதியும் ஆங்கிலத் தேதியும் சேர்ந்தே அச்சாகியிருக்கும். திவசம் செய்து வைக்கிறவரின் நோட்டும் உதவும்.

பழைய_பதிவேடு | 07.02.2025, இரவு 7.02

பஞ்சாங்கம் சொன்னது சரியான பிடி. அதற்கு ஒரு துணைக் குறிப்பு. புத்தகம் ஜனவரி 1-ல் புதிதாகத் தொடங்கும், பதிவு எண்ணும் 1-லிருந்து தொடங்கும். ஒரு இறப்பு எந்தப் புத்தகத்தில் இருக்கும் என்பதை இறந்த நாள் தீர்மானிப்பதில்லை, பதிந்த நாள் தீர்மானிக்கிறது. டிசம்பர் 28-ல் இறந்து ஜனவரி 10-ல் சொல்லியிருந்தால் அடுத்த வருஷப் புத்தகத்தில்தான் இருக்கும். அதனால் டிசம்பர் மாத இறப்புக்கு எப்போதும் இரண்டு வருஷத்துக்குத் தேடச் சொல்லிக் கட்டணம் கட்டுங்கள். 100 ரூபாய் கூடுதலாகப் போகும், அவ்வளவுதான்.

உங்கள் விஷயத்தில் 1995 புத்தகம், ஜனவரி முதல் மார்ச் வரை பார்க்கச் சொல்லுங்கள். மார்ச் வரை ஏன் என்றால், அந்தக் காலத்தில் கருமாதி முடிந்த பிறகு சாவகாசமாகப் போய்ச் சொல்கிறவர்கள் உண்டு.

தேடியும் இல்லையென்றால் வாய்மொழிப் பதிலோடு திரும்பாதீர்கள். "பதிவு இல்லை" என்பதற்கே தனிச் சான்று உண்டு, படிவம் எண் 10. எந்தெந்த வருஷம் தேடினார்கள் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். ஆர்.டி.ஓ. அலுவலகம் முதலில் கேட்பது அதைத்தான். புத்தகம் கரையான் அரித்துப் பக்கம் போயிருந்தால் "பதிவு இல்லை" என்று எழுதி வாங்காதீர்கள். "பதிவேடு சிதைந்துள்ளது" என்று எழுதி வாங்குங்கள். இரண்டும் வேறு வேறு. முதலாவது பதியவில்லை என்று சொல்கிறது. இரண்டாவது தெரியாது என்றுதான் சொல்கிறது.

நெடுங்காடு | 08.02.2025, காலை 7.55

1995 பரவாயில்லை. எங்களுக்குத் தேவை 1962. அப்போது வி.ஏ.ஓ.வே கிடையாதே?

பழைய_பதிவேடு | 08.02.2025, காலை 9.30

கிடையாது. 1980-ல் பரம்பரைக் கிராம அதிகாரிகளை நீக்கிய பிறகு வந்த பதவி அது. அதற்கு முன் பதிந்தவர் கிராம முன்சீப், நம் பக்கத்தில் மணியக்காரர் என்பார்கள். சட்டமும் வேறு. 1969 சட்டம் தமிழ்நாட்டில் 01.04.1970 முதல்தான் நடைமுறை. அதற்கு முன் 1899-ஆம் வருஷத்து மெட்ராஸ் சட்டம். ஆனால் நகல் வாங்கும் வழி அதேதான், சார்பதிவகத்தில் கேளுங்கள். பழைய புத்தகத்தில் இல்லாத விவரத்தை நகலில் புதிதாக நிரப்பித் தரமாட்டார்கள். தாயார் பெயர், முகவரி போன்ற கட்டங்கள் காலியாகவோ கோடு போட்டோ வரலாம். அதைக் குறை என்று நினைத்துத் திருத்த மனு போட வேண்டாம்.

வார்டு_மேசை | 08.02.2025, இரவு 10.11

இழை முழுக்க வீட்டு இறப்பாகவே போகிறது. ஆஸ்பத்திரி இறப்புக்குச் சில வார்த்தை, ஏனென்றால் இன்றைக்கு நடப்பதில் பெரும் பங்கு அதுதான்.

ஆஸ்பத்திரியில் கையில் தருகிற தாள் இறப்புச் சான்று அல்ல. அது உடலை ஒப்படைத்த குறிப்பு, அல்லது சிகிச்சைச் சுருக்கம். வங்கிக்கும் வாரிசு சான்றுக்கும் அது செல்லாது. உள்நோயாளியாக இறந்தால் பதிவாளருக்குத் தகவல் கொடுக்க வேண்டியது ஆஸ்பத்திரியின் பொறுப்பு, குடும்பத்தின் பொறுப்பு இல்லை. படிவம் 2 இறப்பு அறிக்கை, படிவம் 4 இறப்புக் காரண மருத்துவச் சான்று. இரண்டையும் அவர்கள்தான் அனுப்ப வேண்டும்.

ஆனால் படிவம் 2-ஐ நிரப்பும்போது குடும்பத்தில் ஒருவர் மேசையருகே நிற்க வேண்டும். சான்றில் வரும் எழுத்தெல்லாம் அங்கே எழுதியதுதான். பெரும்பாலும் துக்கத்தில் யாரோ ஒரு தூரத்து உறவினர் வாயில் வந்த பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். சேர்க்கைச் சீட்டில் "செல்வம், 60" என்று இருந்தால் அதுவே போய்விடும். ஆதார், குடும்ப அட்டை இரண்டையும் மேசையில் வைத்துப் பார்த்து எழுதச் சொல்லுங்கள். முன்னெழுத்து, தந்தை அல்லது கணவர் பெயர், தாயார் பெயர், நிரந்தர முகவரி, இறந்தபோது இருந்த முகவரி எல்லாவற்றையும் கையெழுத்துப் போடும் முன் வாசியுங்கள். பத்து நிமிஷ வேலை. பிறகு திருத்துவதற்கு மாதக்கணக்கில் ஆகும்.

வார்டு_மேசை | 08.02.2025, இரவு 10.34

இன்னொன்று. வழியிலேயே உயிர் போய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தால் "இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டார்" என்று எழுதுவார்கள். அந்த இறப்பு ஆஸ்பத்திரியில் நடந்ததாகக் கணக்கில் வராது. அதனால் அவர்கள் பதிவுக்கு அனுப்பாமல் இருக்கலாம். குடும்பம் அவர்கள் அனுப்பியிருப்பார்கள் என்று காத்திருக்கும், 21 நாள் ஓடிவிடும். வீட்டில் இறந்திருந்தால் வீடு இருக்கும் இடத்துப் பதிவாளரிடம் நீங்களே சொல்ல வேண்டும். ஓடும் வண்டியில் இறந்தால் விதிப்படி வண்டி முதலில் நிற்கும் இடத்துப் பதிவாளர். அங்கேயே அந்த இரவே "பதிவுக்கு நீங்கள் அனுப்புகிறீர்களா, நாங்கள் சொல்ல வேண்டுமா" என்று தெளிவாகக் கேட்டுவிடுங்கள்.

பிரேதப் பரிசோதனை நடந்தால், காரணம் தெரியும்வரை பதிவு நிற்காது. ரசாயன ஆய்வு அறிக்கை வர மாதங்கள் ஆகலாம். இறப்பை உடனே பதியலாம்.

ஆலமரத்தடி | 09.02.2025, காலை 11.20

இன்சூரன்ஸ்காரர் "சான்றில் இறப்புக்கான காரணம் இல்லை, காரணம் போட்ட சான்று வாங்கி வாருங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார். நகராட்சி தர மறுக்கிறது. யார் சொல்வது சரி?

வார்டு_மேசை | 09.02.2025, மதியம் 12.02

நகராட்சி சொல்வது சரி. சட்டத்தின் 17-ஆம் பிரிவு, யாருக்குக் கொடுக்கும் இறப்பு நகலிலும் காரணத்தை வெளியிடக் கூடாது என்கிறது. அந்தக் கட்டமே சான்றில் வராது.

உங்களுக்கு வேண்டியது வேறு தாள். 2023 திருத்தத்துக்குப் பிறகு காரணச் சான்றின் ஒரு பிரதியை நெருங்கிய உறவினருக்குக் கட்டணமின்றித் தர வேண்டும். ஆஸ்பத்திரியில் படிவம் 4, வீட்டில் பார்த்த மருத்துவர் என்றால் படிவம் 4ஏ. அதைக் கேட்டு வாங்கிக் கொடுங்கள். பழைய இறப்பு என்றால் ஆஸ்பத்திரியின் மருத்துவப் பதிவேட்டுப் பிரிவில் சிகிச்சைச் சுருக்கம் கேளுங்கள்.

பாலாற்றங்கரை | 09.02.2025, மாலை 4.40

விழுப்புரம், கடலூர்க்காரர்கள் கவனிக்க: ஜிப்மரில் இறந்தால் பதிவு புதுச்சேரியில், உழவர்கரை நகராட்சியில். தமிழ்நாட்டுத் தளத்தில் எத்தனை தடவை தேடினாலும் வராது. வேலூர் சி.எம்.சி. என்றால் வேலூர் மாநகராட்சி. சொந்த ஊர், எரித்த ஊர், ரேஷன் அட்டை ஊர் எதுவும் கணக்கில்லை. உயிர் போன இடம் மட்டும்தான் கணக்கு.

சென்னையிலும் இதே போல ஒன்று. 2011-ல் அம்பத்தூர், ஆலந்தூர், திருவொற்றியூர் போன்ற நகராட்சிகள் மாநகராட்சியோடு சேர்ந்தன. அதற்கு முந்தைய இறப்பு என்றால் அந்தப் பழைய நகராட்சிப் புத்தகம் இன்றைய மண்டல அலுவலகத்தில் இருக்கும். "2005, ஆலந்தூர் நகராட்சி" என்று விண்ணப்பத்தில் எழுதுங்கள், வெறும் "சென்னை" என்று எழுதாதீர்கள்.

காவிரிக்கரை | 19.02.2025, மதியம் 2.15

1995 புத்தகத்தில் இருந்தது. பிப்ரவரி நடுவில் பதிந்திருக்கிறார்கள். நகல் கைக்கு வந்துவிட்டது. ஆனால் பத்திரத்திலும் சிட்டாவிலும் "சுவாமிநாதன்", இறப்புப் பதிவில் "சாமிநாதன்". முன்னெழுத்தும் இல்லை. வயது 70 என்று இருக்கிறது, உண்மையில் 66. வட்டாட்சியர் அலுவலகத்தில் பெயர் ஒத்துப்போக வேண்டும் என்கிறார்கள். எல்லாவற்றையும் திருத்த மனு போடட்டுமா?

பழைய_பதிவேடு | 19.02.2025, மாலை 6.50

பெயருக்குப் போடுங்கள், வயதை விட்டுவிடுங்கள். கிராமப் பதிவேட்டில் வயது உத்தேசம் என்பது வாரிசு சான்று தருகிற எல்லோருக்கும் தெரியும். அதைத் தொட்டால் பிறப்புச் சான்றோ பள்ளிச் சான்றோ கேட்பார்கள், 66 வயதில் இறந்தவருக்கு அது கிடைப்பது கடினம். தேவையில்லாத கதவைத் தட்ட வேண்டாம்.

திருத்தம் 15-ஆம் பிரிவு. எழுத்துப் பிழை, கைப்பிழை என்றால் விசாரித்துப் பதிவாளரே திருத்தலாம். பொருளே மாறுகிற பிழை என்றால், உண்மை தெரிந்த நம்பகமான இருவர் பிழை எது, சரி எது என்று எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி வேண்டும். "சாமிநாதன்" என்பதைச் "சுவாமிநாதன்" ஆக்குவது முதல் வகையில் நிற்கும். ஆனாலும் இருவர் உறுதிமொழியைக் கையோடு கொண்டுபோனால் ஒரு சுற்று மிச்சம். அந்த இருவர் ஊரில் தாத்தாவை அறிந்த வயதானவர்களாக இருப்பது நல்லது.

இணைக்கும் ஆவணங்களில் ஒரு விதி: இறப்புக்கு முந்திய தேதி உள்ளவை மட்டும் எடை பெறும். தாத்தா கையெழுத்திட்ட கிரயப் பத்திரம், பழைய கிஸ்தி ரசீது, அவர் காலத்து ரேஷன் அட்டை, வாக்காளர் பட்டியல் பக்கம். இறந்த பிறகு பேரன்மார் எடுத்த அட்டைகளை அடுக்கினால் பயன் இல்லை.

பழைய எழுத்தை அடிக்க மாட்டார்கள். ஓரத்தில் திருத்தம் எழுதித் தேதியும் கையெழுத்தும் போடுவார்கள். அதன் பிறகு எடுக்கும் நகலில் திருத்திய பெயர் வரும். அதனால் திருத்தம் முடிகிறவரை பிரதிகள் நிறைய வாங்கிப் பணத்தை வீணாக்காதீர்கள்.

பத்திரம்_எழுதுபவர் | 19.02.2025, இரவு 8.25

திருத்தம் நடக்கும்போதே இன்னொன்றைச் செய்யலாம். "சாமிநாதன், சுவாமிநாதன் இருவரும் ஒருவரே" என்று வாரிசுகள் எல்லோரும் கையெழுத்திட்டு நோட்டரி முன் ஒரு பிரமாணப் பத்திரம். சில வட்டாட்சியர் அலுவலகம் அதை வைத்தே வாரிசு சான்றை நகர்த்துகிறது. வங்கியும் பல நேரம் ஏற்கும். ஆனால் நிலத்தை நாளைக்கு விற்கப் போகிறீர்கள் என்றால் திருத்தம்தான் உறுதி. வாங்குகிறவரின் வக்கீல் பிரமாணப் பத்திரத்தோடு திருப்தியடைய மாட்டார்.

பழைய_பதிவேடு | 20.02.2025, காலை 8.10

பத்திரம்_எழுதுபவர் சொல்வதில் ஒரு திருத்தம் செய்ய வேண்டும். "வாரிசுகள் எல்லோரும்" என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் அந்தப் பத்திரமே பிற்பாடு சண்டைக்கு விதை. கல்யாணம் ஆகிப் போன அத்தைகளின் கையெழுத்தும் அதில் இருக்க வேண்டும்.

அக்கரை | 21.02.2025, மாலை 3.37

சித்தப்பா சிங்கப்பூரில் இறந்தார், உடல் ஊருக்கு வந்து அடக்கமும் ஆகிவிட்டது. ஊர் வி.ஏ.ஓ. பதிய மாட்டேன் என்கிறார்.

பாலாற்றங்கரை | 21.02.2025, மாலை 5.12

பதிய முடியாது. அடக்கம் இங்கே என்றாலும் உயிர் போனது அங்கே. அங்கே அந்நாட்டு அரசு கொடுத்த சான்றுதான் மூலம். இந்தியக் குடிமகன் என்றால் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் இறப்பைப் பதிந்து இந்தியச் சான்று வாங்கலாம். உடலை அனுப்பும்போதே பாஸ்போர்ட்டை ரத்து செய்ய அங்கே போயிருப்பார்கள், அதே கோப்பில் கேளுங்கள். அந்நாட்டுச் சான்றை இங்கே காட்ட வேண்டுமானால் அங்கேயே அப்போஸ்டில் முத்திரை (ஒரு நாட்டின் ஆவணத்தை மற்ற நாடு ஏற்பதற்கான சான்றொப்பம்) வாங்கிவிடுங்கள். சிங்கப்பூர் 2021 முதல் அந்த முத்திரைக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இருக்கிறது. அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையில் தாள் அனுப்பி அனுப்பித் திண்டாட வேண்டாம், அங்கே இருக்கும் உறவினர் ஒரே மூச்சில் முடிப்பதே மேல்.

எதிர்த் திசையில், இங்கே வாங்கிய சான்று வெளிநாட்டில் வேண்டுமென்றால் மாநில அரசின் சான்றொப்பம், அதன் மேல் வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில். இந்தியா 2005 முதல் உறுப்பு நாடு. மடித்துக் கிழிந்த பழைய கைநகலைக் கொண்டுபோகாமல் புதிதாக ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

நெடுங்காடு | 22.02.2025, காலை 9.05

1962 நகல் கிடைத்தது. கேட்டவர்களுக்கு: சார்பதிவகத்தில்தான். தாயார் பெயர்க் கட்டம் காலி.

ஆலமரத்தடி | 22.02.2025, காலை 10.48

காணாமல் போனவருக்கு? பன்னிரண்டு வருஷம் ஆகிறது.

தென்கரை | 22.02.2025, மதியம் 12.30

இதற்குத்தான் உண்மையாகவே கோர்ட். ஏழு வருஷம், அவரைப் பற்றிக் கேள்விப்பட வேண்டியவர்கள் ஒன்றும் கேள்விப்படவில்லை என்றால் இறந்ததாக அனுமானம். பழைய சாட்சியச் சட்டத்தில் 108, இப்போது பாரதிய சாட்சிய அதினியத்தில் 111-ஆம் பிரிவு. ஏழு வருஷம் ஆனதாலேயே தானாகச் சான்று வந்துவிடாது. உரிமையியல் நீதிமன்றத்தில் இறந்ததாக அறிவிக்கும் தீர்ப்பு வாங்கி, அதை வைத்துத்தான் பதிவு. காணாமல் போனபோதே கொடுத்த போலீஸ் புகாரின் முதல் தகவல் அறிக்கை, "கண்டுபிடிக்க இயலவில்லை" என்ற இறுதி அறிக்கை இரண்டும்தான் வழக்கின் முதுகெலும்பு. புகாரே கொடுக்காதவர்கள் இன்றைக்காவது கொடுங்கள்.

பத்திரம்_எழுதுபவர் | 23.02.2025, இரவு 7.19

ஒரு எச்சரிக்கை. தேடுபொறியில் முதலில் வருகிற தளத்திலெல்லாம் பணம் கட்டாதீர்கள். அரசுத் தளம் போலவே தோற்றம் வைத்து, பணம் வாங்கிக்கொண்டு, க்யூ.ஆர். குறியோடு போலிச் சான்று அனுப்புகிற தளங்கள் இருக்கின்றன. குறியை ஸ்கேன் செய்தால் திறக்கும் முகவரி அரசுத் தளத்தினுடையதா, அதில் வரும் பெயரும் பதிவு எண்ணும் தாளில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். உண்மையான ஆன்லைன் சான்றுக்கு மையில் கையெழுத்தோ ரப்பர் முத்திரையோ தேவையில்லை. "பச்சை மையில் கையெழுத்து வேண்டும்" என்று ஏதாவது அலுவலகம் திருப்பினால் குறியை அவர்கள் முன்பே ஸ்கேன் செய்து காட்டுங்கள்.

காவிரிக்கரை | 25.02.2025, காலை 11.00

திருத்த மனு கொடுத்துவிட்டேன். மறுத்தால் அடுத்து யார்?

பழைய_பதிவேடு | 25.02.2025, மதியம் 12.45

மறுப்பை எழுத்தில் வாங்குங்கள், காரணத்தோடு. 2023 திருத்தத்தில் 25ஏ என்று மேல்முறையீடு சேர்த்திருக்கிறார்கள். பதிவாளரின் உத்தரவு மீது மாவட்டப் பதிவாளரிடம், அவர் உத்தரவு மீது தலைமைப் பதிவாளரிடம். தமிழ்நாட்டில் தலைமைப் பதிவாளர் பொது சுகாதாரத் துறை இயக்குநர். உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் போட வேண்டும், 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

மனு கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறீர்களா? இல்லையென்றால் இன்றே மனுவின் பிரதியில் தேதி முத்திரை போட்டு வாங்குங்கள். மறுப்பே தராமல் இழுத்தடித்தால் மனு என்றைக்குக் கொடுத்தீர்கள் என்பதற்கு அந்த முத்திரைதான் ஆதாரம்.

காவிரிக்கரை | 25.02.2025, மாலை 4.30

முத்திரை போட்டு வாங்கிவிட்டேன். 1995 புத்தகத்தின் பதிவு எண்ணையும் பக்கத்தையும் மனுவிலேயே எழுதியிருக்கிறேன்.

பழைய_பதிவேடு | 25.02.2025, மாலை 4.52

நல்லது. திருத்திய நகல் வந்ததும் கூடுதலாக மூன்று பிரதி சேர்த்து வாங்குங்கள். வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றை வைத்துக்கொள்ளும், பட்டா மாறுதலுக்கு ஒன்று, மின் இணைப்பு பெயர் மாற்றத்துக்கு ஒன்று. முதல் நகல் வீட்டுப் பத்திரப் பெட்டியை விட்டு வெளியே போகக் கூடாது.